மூவர் சொல் கேட்கும் அருங்காட்சியகம்



நம் வட்டாரத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய்ப்பு தந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. வர்ஜீனியாவின் ஆஷ்பர்ன் என்றதும் நமக்கெல்லாம் தரவு மையங்கள்தான் நினைவுக்கு வரும். சன்னல் இல்லாத அந்தப் பெரிய கட்டடங்களைத் தாண்டித்தான் நாம் தினமும் வேலைக்குப் போகிறோம், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு விடுகிறோம். இதே ஊரில் ஓர் அருங்காட்சியகம் கட்ட வேண்டும் என்று ஓ.எஸ்.எஸ். சொசைட்டி என்ற அமைப்பு பல ஆண்டுகளாகத் திட்டமிட்டு வந்திருக்கிறது. உளவுக்கும் ராணுவச் சிறப்பு நடவடிக்கைகளுக்குமான தேசிய அருங்காட்சியகம். வரைபடம் போட்டவர்கள் ஃபென்ட்ரஸ் நிறுவனத்தார். நெடுஞ்சாலை 95-இல் தெற்கே போகும்போது குவான்டிகோ பக்கம் மரங்களுக்கு மேலே சாய்ந்த கூர்முனை ஒன்று தெரியுமே, அந்த மரைன் படை அருங்காட்சியகத்தை வடிவமைத்தவர்களும் இவர்களே.

நம் ஊருக்கு வரவேண்டிய ஒரு பொது நிறுவனத்தைப் பற்றி நமக்கும் ஒரு கருத்து இருக்க வேண்டாமா? வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம், நம் பிள்ளைகள் நாளை பள்ளிச் சுற்றுலாவாக அங்கே போகப் போகிறார்கள். அவர்கள் எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பது நம் உரிமை. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில், இந்த ஓ.எஸ்.எஸ். யார்? 1942 ஜூன் 13 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிவைத்த போர்க்கால உளவு அமைப்பு. தலைவர் வில்லியம் டோனவன். முதல் உலகப் போரில் நாட்டின் மிக உயரிய வீரப்பதக்கம் பெற்றவர், பிறகு வழக்கறிஞராக இருந்தவர். 1945 அக்டோபர் 1 அன்று அதிபர் ட்ரூமன் ஆணைப்படி அமைப்பு மூடப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான ஆயுள். உச்சகட்டத்தில் ஏறக்குறைய 13,000 பேர் அதில் இருந்தார்கள், அவர்களில் சுமார் 4,500 பேர் பெண்கள். பேராசிரியர்கள், கள்ளக் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள், பேஸ்பால் ஆட்டக்காரர், பின்னாளில் சமையல் நூல்களால் உலகப் புகழ் பெற்ற ஜூலியா சைல்டு என்று எல்லாரும் அங்கே வேலை பார்த்திருக்கிறார்கள். 1947-இல் பிறந்த சி.ஐ.ஏ.வும் இன்றைய சிறப்புப் படைகளும் தங்கள் குலமுதல்வர் என்று காட்டுவது இந்த அமைப்பைத்தான். சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகத்தின் சின்னத்தில் இருக்கும் ஈட்டிமுனை ஓ.எஸ்.எஸ்.ஸிடமிருந்து வந்தது.

நாம் ஊருக்குப் போக ஏறி இறங்கும் டல்லஸ் விமான நிலையம் இருக்கிறதே, அது ஐசன்ஹோவரின் வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் பெயரைத் தாங்கியது. அவருடைய தம்பி ஆலன் டல்லஸ்தான் போர்க்காலத்தில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஓ.எஸ்.எஸ். அலுவலகத்தை நடத்தியவர். அங்கே அவரைத் தேடி ஃபிரிட்ஸ் கோல்பே என்ற ஜெர்மானிய வெளியுறவுத் துறை ஊழியர் வந்தார். முதலில் ஆங்கிலேயரிடம் போனார், அவர்கள் நம்பவில்லை, விரட்டிவிட்டார்கள். ஹிட்லரின் அரசு வீழ வேண்டும் என்று, காசு வாங்காமல், நூற்றுக்கணக்கான ரகசிய ஆவணங்களைக் கொண்டு வந்து கொடுத்தவர் அவர். போர் முடிந்த பிறகு சொந்த நாட்டு வெளியுறவுத் துறை அவரை மீண்டும் வேலைக்குச் சேர்க்கவில்லை. துரோகி என்றது. இந்த வட்டாரத்தில் அவர் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்? அவரையும் நம் அருங்காட்சியகத்தில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

நண்பர்களே, உளவைப் பற்றிப் பேசும்போது தமிழர்கள் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டியதில்லை. திருக்குறளில் ஒற்றாடல் என்று ஒரு தனி அதிகாரமே இருக்கிறது. பத்துக் குறள். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் ஓர் எச்சரிக்கை தருகிறார். ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் நீயே ரகசியத்தை வெளியே போட்டவனாவாய் என்கிறார். ஒற்றருக்கு ஊரறியச் சிறப்புச் செய்வதற்காகவே ஒரு கட்டடம் கட்டினால் அதை எப்படி ஏற்பது?

வர்ஜீனியா ஹால் என்ற பெண்மணியை நினைத்துப் பாருங்கள். பால்டிமோரில் பிறந்தவர். துருக்கியில் வேட்டைக்குப் போன இடத்தில் தன் துப்பாக்கியே வெடித்து இடது கால் போயிற்று. மரக்கால் பொருத்திக்கொண்டார். அந்தக் காலுக்குக் கத்பர்ட் என்று பெயர்கூட வைத்திருந்தார். பிரான்சின் லியோன் நகரில் ஆங்கிலேயருக்காக உளவு பார்த்தார். ஜெர்மானியர் நெருங்கியதும், 1942 நவம்பரில் அந்த மரக்காலோடு பிரனீஸ் மலையைப் பனியில் நடந்தே கடந்தார். 1944-இல் ஓ.எஸ்.எஸ். சார்பில் மறுபடியும் பிரான்சுக்குள் போனார். கிராமத்துக் கிழவியாக வேடம் போட்டு, ஆடு மேய்த்து, பரணில் உட்கார்ந்து கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பினார். 1945-இல் சிறப்புச் சேவைச் சிலுவைப் பதக்கம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இல்லாத வேறெந்தப் பெண்ணுக்கும் அது கிடைக்கவில்லை. அதிபரே பொது விழாவில் அணிவிக்கத் தயாராக இருந்தார். இந்த அம்மையார் மறுத்துவிட்டார். முகம் தெரிந்துவிட்டால் அடுத்த வேலைக்குப் போக முடியாது என்பதுதான் காரணம். டோனவன் தம் அலுவலகத்திலேயே பதக்கத்தைக் கொடுத்தார்.

குறள் சொன்னதை அவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். ஆனால் அந்தக் கட்டுப்பாடு ரகசியம் உயிரோடு இருக்கும் வரைக்கும்தான். ஓ.எஸ்.எஸ். ஊழியர்களின் பணிக் கோப்புகளை 2008-இல் தேசிய ஆவணக் காப்பகம் திறந்துவிட்டது. சுமார் 24,000 பேர். மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். 2018 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த அமைப்பு முழுமைக்கும் தங்கப் பதக்கம் வழங்கியபோது, அதை நேரில் பார்க்க உயிரோடு இருந்தவர்கள் மிகச் சிலர். தன் பிள்ளைகளிடம்கூட வாய் திறக்காமல் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். இந்த அரங்கிலேயே வேலையைப் பற்றி வீட்டில் பேச அனுமதி இல்லாதவர்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு அந்த மௌனத்தின் பாரம் புரியும். ஆகவே இந்த அருங்காட்சியகம் வரவேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. காலம் கனிந்த பிறகு மரியாதை செய்வது கடமை.

என் கேள்வி வேறு. யார் சொல்லக் கேட்டு அந்த மரியாதையைச் செய்யப் போகிறோம்?

ஒற்றாடல் அதிகாரத்திலேயே அந்தக் கடைசிக் குறளுக்கு முந்தைய குறள்களுக்கு வாருங்கள். ஒற்றன் ஒருவன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனை விட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாதபடி மூவரை அனுப்பி, மூவர் சொல்லும் ஒத்திருந்தால்தான் நம்ப வேண்டும். அரசனுக்குச் சொன்ன விதி இது. உளவு அருங்காட்சியகம் கட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஓ.எஸ்.எஸ். சொசைட்டி என்பது 1947-இல் டோனவன் தொடங்கிய பழைய வீரர் சங்கத்தின் வழிவந்தது. அவர்கள் சொல்வது முதல் சாட்சி. அரிய சாட்சி. ஆனாலும் ஒரு சாட்சிதான். எதிரே நின்றவர்கள் இரண்டாவது சாட்சி. எந்த மண்ணில் அது நடந்ததோ அந்த மண்ணில் வீடும் வயலும் வைத்திருந்தவர்கள் மூன்றாவது சாட்சி.

சும்மா தத்துவமாகச் சொல்லாமல் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஜின்னி என்ற ஓ.எஸ்.எஸ். நடவடிக்கை அது. 1944 மார்ச் மாதம். இத்தாலியின் வடமேற்குக் கரையில் லா ஸ்பெசியாவுக்கும் ஜெனோவாவுக்கும் நடுவே ரயில் பாதை கடலை ஒட்டிச் சுரங்கம் சுரங்கமாகப் போகிறது. தெற்கே போரிடும் ஜெர்மானியருக்குச் சரக்கு போகும் பாதை. அதில் ஒரு சுரங்கத்தைத் தகர்க்கப் பதினைந்து பேர் கார்சிகா தீவிலிருந்து விசைப்படகில் வந்து, இருட்டில் ரப்பர் ஓடங்களைத் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தார்கள். பதினைந்து பேரும் இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர்கள். பெற்றோர் கப்பலேறி வந்து குடியேறியவர்கள், வீட்டில் இத்தாலிய மொழி பேசி வளர்ந்தவர்கள். அந்த மொழிக்காகவே அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டில் அம்மாவிடம் ஒரு மொழி, வாசலைத் தாண்டினால் இன்னொரு மொழி என்று வளரும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினைந்து பேர் நினைவுக்கு வருகிறார்கள்.

மறைத்து வைத்த ஓடங்களை உள்ளூர் மீனவர் ஒருவர் பார்த்துவிட்டார். செய்தி போயிற்று. பிடிபட்டார்கள். அமெரிக்க ராணுவச் சீருடையில் இருந்தார்கள், போர்க் கைதிகளாக நடத்தப்பட வேண்டியவர்கள். பிடிபடும் அதிரடிப் படையினரை உயிரோடு விடக்கூடாது என்று ஹிட்லர் 1942-இல் போட்ட ரகசிய ஆணை ஒன்று இருந்தது. ஜெர்மானிய ஜெனரல் ஆன்டன் டோஸ்ட்லர் சுடச் சொன்னார். உள்ளூர்ப் படைப்பிரிவின் ஜெர்மானிய அதிகாரிகள் சிலர் மேலிடத்துக்குத் தொலைபேசியில் மன்றாடியிருக்கிறார்கள். டோனா-ஷ்லோபிட்டென் என்ற அதிகாரி ஆணையில் கையெழுத்திட மறுத்துப் பதவி இழந்தார். மார்ச் 26 காலை பதினைந்து பேரையும் புன்டா பியாங்கா என்ற இடத்தில் சுட்டு ஒரே குழியில் போட்டார்கள். போர் முடிந்ததும் ரோம் நகரில் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் டோஸ்ட்லரை விசாரித்தது. மேலிடத்து ஆணையைத்தான் நிறைவேற்றினேன் என்றார் அவர். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1945 டிசம்பர் 1 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதை அருங்காட்சியகத்தில் எப்படிக் காட்டுவீர்கள்? பதினைந்து வீரர்களின் படத்தை மாட்டி, கீழே தேதியைப் போட்டு, விளக்கை மங்கலாக்கினால் முடிந்ததா? மன்றாடிய அந்த ஜெர்மானிய அதிகாரிகள் எங்கே? ஓடத்தைப் பார்த்த மீனவர் எங்கே? அவர் காட்டிக் கொடுத்தவரா, தன் கரையில் அந்நிய ஓடத்தைக் கண்டு பயந்தவரா, சொல்லாவிட்டால் தன் ஊருக்கு என்ன கதி நேரும் என்று நடுங்கியவரா? ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் வாழ்ந்த சாதாரண மனிதனின் நெஞ்சுக்குள் போகாமல் இந்த நிகழ்ச்சி யாருக்கும் விளங்காது. அந்தச் சுரங்கம் அன்று தகரவில்லை என்பதையும் தயங்காமல் எழுதி வைக்க வேண்டும். தோற்றுப்போன நடவடிக்கை இது. பதினைந்து பேரின் வீரத்தில் அதனால் ஓர் அணுவும் குறையாது.

இன்னும் நெருங்கி ஒரு பொருளைப் பார்ப்போம். அஞ்சலட்டை. எலிசபெத் மெக்கின்டாஷ் என்ற பத்திரிகையாளர், அப்போது பெட்டி மெக்டொனால்டு, ஓ.எஸ்.எஸ். பிரசாரப் பிரிவில் சேர்ந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். பர்மாவில் போரிட்டுக்கொண்டிருந்த ஜப்பானியச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய அஞ்சலட்டைகள் ஒரு பை நிறைய அவர் கைக்கு வந்தன. ஜப்பானிய ராணுவத் தணிக்கை அதிகாரி ஏற்கெனவே பார்த்து முத்திரை குத்திய அட்டைகள். மறுபடி யாரும் படிக்கமாட்டார்கள். எழுதியதை ரப்பரால் அழித்து, அதே பென்சில் எழுத்துப் போலவே வேறு செய்தி எழுதினார்கள். உணவில்லை, மருந்தில்லை, தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று. பிறகு அவற்றைத் திரும்பவும் ஜப்பானியத் தபாலுக்குள் நுழைத்தார்கள்.

கெட்டிக்காரத்தனமான வேலை. குண்டு வெடிக்கவில்லை, ரத்தம் சிந்தவில்லை. அதைப் பாராட்ட எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்த ரப்பர் எதை அழித்தது? காட்டுக்குள் காய்ச்சலோடு கிடந்த ஒருவன் தன் தாய்க்கோ மனைவிக்கோ எழுதிய நாலு வரி. அதுவே அவனுடைய கடைசிக் கடிதமாக இருந்திருக்கலாம். இந்த அட்டையைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கும்போது, எழுதிய அமெரிக்கப் பெண்ணின் திறமையைச் சொல்லும் குறிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அதைப் பெற்ற ஜப்பானிய வீட்டைப் பற்றிய குறிப்பு இன்னொரு பக்கம் இருக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். பகைவனின் தாய்க்கும் ஒரு குறிப்பு எழுதத் துணியும் அருங்காட்சியகத்தைத்தான் என் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவேன்.

மெக்கின்டாஷ் பிறகு சீனாவுக்குப் போனார். அங்கே நிலக்கரித் துண்டு போன்ற ஒன்றை ஒரு சீன முகவரிடம் கொடுத்தார். ஓ.எஸ்.எஸ். செய்த வெடிபொருள் அது. எந்த ஊர் நிலக்கரியோ அந்த ஊர் நிலக்கரியின் நிறமும் மினுமினுப்பும் வரும்படி பூச்சுப் பூசுவதற்கென்றே வண்ணப் பெட்டி ஒன்று இருந்தது. அந்த மனிதர் அதை ரயிலில் வைத்தார். ரயில் வெடித்தது, ஜப்பானியச் சிப்பாய்கள் மாண்டார்கள். பல்லாண்டு கழித்து முதுமையிலும் அம்மையார் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். நம் வர்ஜீனியாவிலேயே 2015-இல் 100 வயதில் காலமானார். அவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கையில் கரித்துண்டோடு ரயிலேறிய சீனரின் பெயர்?

பெயர் இல்லாதவர்கள் என்று ஒரு பெரிய படையே இருக்கிறது, நண்பர்களே. நம் இந்தியாவில், அசாமின் நாசிராவில் ஒரு தேயிலைத் தோட்டத்தைத் தளமாக வைத்துக்கொண்டு ஓ.எஸ்.எஸ்.ஸின் 101-ஆம் பிரிவு பர்மாவுக்குள் போர் நடத்தியது. கார்ல் ஐஃப்ளர் தொடங்கினார், வில்லியம் பீர்ஸ் நடத்தினார். ஆனால் காட்டுக்குள் வழி காட்டி, மூங்கில் முளைகளால் பொறி வைத்து, போரில் முன்னே நின்றவர்கள் கச்சின் இன மக்கள். ஆயிரக்கணக்கானோர். அந்தப் பிரிவில் மாண்ட அமெரிக்கர்கள் முப்பது பேருக்கும் குறைவு. மாண்ட உள்ளூர் வீரர்கள் முந்நூறுக்கும் மேல். சுவரில் பெயர் பொறிக்கும்போது இந்தக் கணக்கு கண்ணில் படவேண்டாமா? கச்சின் மக்களின் நிலம் இன்றும் போர்க்களமாகத்தான் இருக்கிறது. அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, உங்கள் தாத்தா என்ன சொன்னார் என்று கேட்க ஒரு விமானச் சீட்டுதான் செலவு.

கண்டியிலிருந்து வந்த குடும்பங்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். 1944-இல் மவுன்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளையகத்தைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தபோது, ஓ.எஸ்.எஸ்.ஸின் 404-ஆம் பிரிவும் கண்டிக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்தில் கீற்றுக் கொட்டகைகள் போட்டு அலுவலகம் நடத்தினார்கள். ஜூலியா சைல்டு அங்கேதான் ரகசியக் கோப்புகளின் பதிவேட்டைக் கவனித்தார், கணவராகப்போகிறவரைச் சந்தித்ததும் அங்கேதான். பிரசாரப் பிரிவில் இருந்த அவருடைய தோழி ஜேன் ஃபாஸ்டர் மீது சோவியத் ஒற்றர் என்று 1957-இல் அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. டோனவனின் உதவியாளராக இருந்த டங்கன் லீ சோவியத்துக்குச் செய்தி கொடுத்தவர் என்பதும் பின்னர் வெளிவந்தது. இவர்களையும் மறைக்கக் கூடாது. ஆனால் நான் கேட்பது வேறு. கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் நம் மலையகத் தமிழர். அந்த வெள்ளைக்காரர்களின் வருகையை லயத்து வாசலில் நின்று அவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? யாராவது கேட்டு எழுதி வைத்திருக்கிறார்களா? எழுதாவிட்டால் நாம் எழுதலாம். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

சிறப்புப் படைகளின் பிற்காலக் கதைக்கும் இதே விதிதான். 1980 ஏப்ரலில் தெஹ்ரானில் சிறைப்பட்டிருந்த அமெரிக்கத் தூதரக ஊழியர்களை மீட்க ஒரு படை போனது. ஈரான் பாலைவனத்துக்குள் எட்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பின. குறைந்தது ஆறு வேண்டும். புழுதியிலும் கோளாறிலும் சிக்கி ஓடக்கூடியவை ஐந்துதான் மிஞ்சின. திரும்பலாம் என்று முடிவெடுத்துக் கிளம்பும்போது ஒரு ஹெலிகாப்டர் எண்ணெய் சுமந்த விமானத்தில் மோதியது. எட்டு வீரர்கள் எரிந்து இறந்தார்கள். அந்தப் படுதோல்வியை ஆராய்ந்த பிறகுதான் படைகளை ஒன்றிணைத்து 1987-இல் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம் உருவாயிற்று. இன்று எல்லாரும் பெருமையாகச் சொல்லும் அமைப்பு அந்தச் சாம்பலிலிருந்து எழுந்தது. தோல்வியைச் சுருக்கி வெற்றியைப் பெருக்கிக் காட்டினால் அந்த எட்டுப் பேருக்கே அநீதி. அன்றிரவு அந்தப் பாலைவனச் சாலையில் ஒரு பேருந்து வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஈரானியப் பயணிகள். அவர்களைப் படையினர் இறக்கி உட்கார வைத்தார்கள். தீப்பிழம்பைக் கண்ணால் பார்த்த ஊர்மக்கள் அவர்கள். அந்தப் பேருந்தில் வந்த ஒருவருடைய வாக்குமூலத்தை நம் பிள்ளைகள் காதில் கேட்டால், பத்து ஆவணப் படங்கள் சொல்லாததை அது சொல்லும்.

இப்படி மூவர் சொல்லையும் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பீர்கள். ஒத்துவந்த இடங்கள் உண்டு. கிழக்கு பெர்லினில் ஸ்டாசி என்ற ரகசியக் காவல் துறையின் தலைமையகத்துக்குள் 1990 ஜனவரி 15 அன்று மக்கள் புகுந்தார்கள். அந்தக் கட்டடமே இன்று அருங்காட்சியகம். ஸ்டாசியின் தலைவராக இருந்த மந்திரி மீல்கேயின் மேசை, தொலைபேசிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அங்கே கதையைச் சொல்வது வேவு பார்த்தவர்கள் மட்டுமல்ல, வேவு பார்க்கப்பட்டவர்களும்தான். ஒத்துவராதபோது என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே சான்று உண்டு. வாஷிங்டனில் 2002-இல் தொடங்கி 2019-இல் பெரிய கட்டடத்துக்கு மாறிய சர்வதேச உளவு அருங்காட்சியகத்துக்குப் பலரும் பிள்ளைகளோடு போயிருப்பீர்கள். அருமையான சேகரிப்பு. அங்கே சி.ஐ.ஏ.வின் விசாரணைக் கொடுமைகளைப் பற்றிய பகுதி உண்மையை மழுப்புகிறது என்று மூன்று செனட்டர்கள் கடிதம் எழுதினார்கள். அருங்காட்சியகம் அதை மாற்றியமைக்க முன்வந்தது. அந்தக் கொடுமைகளை ஆராய்ந்த செனட் குழுவின் அறிக்கைச் சுருக்கம் 2014-லேயே வெளிவந்திருந்தது. வதைபட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை முதலிலேயே சரியான இடத்தில் வைத்திருந்தால் அந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது.

என் மனத்தை மிகவும் தொடும் விஷயம் ஒன்று உண்டு. கோடையில் நாம் குடும்பத்தோடு கூடாரம் போடப் போகும் பிரின்ஸ் வில்லியம் வனப் பூங்கா, ஓ.எஸ்.எஸ். ஒற்றர்களைப் பழக்கிய இடம். அந்த மரக் குடில்கள் இன்னும் நிற்கின்றன, வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அதற்கும் முன்னால் அது வெறும் காடு அல்ல. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அக்கம்பக்கமாக வாழ்ந்த சிற்றூர்கள் அங்கே இருந்தன. 1930-களில் அரசு நிலத்தை எடுக்கத் தொடங்கியது, போர்க்காலத்தில் மிச்சமிருந்தவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். கல்லறைகள் மட்டும் காட்டுக்குள் இருக்கின்றன. மூன்றாவது சாட்சி பர்மாவிலும் இத்தாலியிலும்தான் இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். நம் வர்ஜீனியாவிலும் இருக்கிறார். ஆஷ்பர்னில் எழும் அருங்காட்சியகத்தின் முதல் அறையிலேயே அந்த ஊர்களின் வரைபடம் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

நம் வட்டத்தின் சார்பில் அருங்காட்சியக அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று செயற்குழுவில் பேசியிருக்கிறோம். வாழ்த்துச் சொல்லும் கடிதம். கூடவே நம் வேண்டுகோளும் இருக்கும். பொருள்களின் குறிப்புகளை எழுதும் குழுவில் அந்தந்த நாட்டு வரலாற்றறிஞர்களும் இடம்பெற வேண்டும், கச்சின் மக்களிடமும் இத்தாலியின் லிகூரியக் கரைக் கிராமங்களிலும் இலங்கை மலையகத்திலும் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்ய நன்கொடையில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறோம். வரைவு வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பாருங்கள், திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள், உடன்பட்டால் கையெழுத்திடுங்கள்.

அதே மேசையில் இன்னொரு தாளும் இருக்கிறது. 1944, 45-இல் கண்டியிலோ மாத்தளையிலோ திருகோணமலையிலோ அசாமிலோ வாழ்ந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அல்லது அவர்கள் சொல்லிக் கேட்டது நினைவிருந்தால், உங்கள் பெயரையும் எண்ணையும் அதில் எழுதுங்கள். ஊரில் அம்மம்மா இருந்தால் இன்றிரவே அழைத்துக் கேளுங்கள். நம் இளைஞர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு உங்கள் வீட்டுக்கு வருவார்கள். வழிகாட்ட ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் பதிவைக் கேட்போம்.